ஒட்ருன் சொல்லாத சொல்

கடலோர ஊரான ஹெல்லேவிக்கில் மீன் ஆலையை மூடியபோது ஒட்ருன் வார்ட்டாலுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு கத்தி பிடித்து மீனுக்கு முள் எடுக்க வந்தவள் அவள். ஆலை முதலாளி எல்லோரையும் முற்றத்தில் கூட்டி, நல்லவிதமாக இரண்டு வார்த்தை பேசி, ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்து அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்தவள் ரப்பர் பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் சமையலறையில் நின்றாள். கணவன் கோரெ ஃபெர்ரியில் கார்களை வரிசையாக ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தான். மகள் சில்யே அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அவன் ஒருவன் சம்பளத்தில் குடும்பம் ஓடியிருக்கும். ஆனால் ஒட்ருனுக்குச் சும்மா உட்கார வராது.

அந்த இலையுதிர்காலத்தில்தான் ஐவிந்த் ஃப்ளோ ஊர் திரும்பினான். பொறியியல் படித்துவிட்டு வந்த இளைஞன். அவனுடைய அண்ணன் முந்தைய குளிர்காலத்தில் மீன்பிடிப் படகிலிருந்து கடலில் விழுந்து செத்திருந்தான். உயிர்காப்பு உடுப்புப் போட்டுக்கொண்டுதான் விழுந்தான். உடம்பைக் கண்டெடுத்தபோது உடுப்புக்குள் இடுப்புவரை தண்ணீர் நின்றதாம். ஒரே ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. ஐவிந்த் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பழைய மீன் உப்புக் கொட்டகையில் பாதியை வாடகைக்குப் பிடித்து, ஒரு தையல் மெஷினையும் பசை டின்களையும் கொண்டுவந்து இறக்கினான். கை நிதானமான ஆள் வேண்டும் என்று மளிகைக்கடைக் கதவில் எழுதி ஒட்டினான்.

ஒட்ருன் போய் நின்றாள்.

"தைக்கத் தெரியுமா?" என்று கேட்டான்.

"ஜன்னல் திரை தைச்சிருக்கேன். மீன் நல்லா அறுப்பேன்."

"எனக்குத் திரைகூடத் தெரியாது."

"அப்ப எனக்கு யார் சொல்லிக்குடுப்பா?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்," என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே வேலை தொடங்கியது.

முதல் உடுப்பு பிப்ரவரியில் தயாரானது. யாராவது அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் பார்க்க வேண்டும். தானே இறங்குவதாக ஐவிந்த் அடம்பிடித்தான். ஒட்ருன் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏதாவது ஆச்சுன்னா உன்னை நான் எப்படி இழுப்பேன்? என்னை நீ இழுத்துடுவே. கயித்தைப் பிடி."

படகுத்துறையிலிருந்து இறங்கினாள். குளிர் முகத்தில் அறைந்தது. அவன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, மூச்சுவிடாமல் மேலே நின்றான். "இடது கணுக்கால்ல ஏறுது," என்று அவள் தண்ணீரிலிருந்தே கத்தினாள். இழுத்துப் போட்டு, தையலைப் பிரித்து, மறுபடி ஒட்டினார்கள். மறுபடி இறங்கினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க இதே வேலைதான். "ஊறவெச்ச மீன் கிறிஸ்துமஸ் விருந்துக்கு மட்டும்தான்னு நெனச்சேன்," என்று கோரெ கேலி செய்வான், "எனக்குத் தினமும் வீட்டுக்கு வருது." வசந்தம் வந்தபோது, மூன்று மணி நேரம் மிதந்துவிட்டு உள்சட்டை ஈரமாகாமல் கரை ஏறினாள். ஐவிந்த் படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து அழுதான். அண்ணனுக்காகத்தான் அழுகிறான் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, உடுப்பின் பெரிய கையுறையோடே அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஐஸ்லாந்திலிருந்தும் ஃபாரோ தீவுகளிலிருந்தும் ஆர்டர் வர ஆரம்பித்தது. கம்பெனிக்கு ஹாவ்ஹாம் என்று பெயர் வைத்தான். மீன் ஆலையில் ஒட்ருனுக்கு அடுத்த மேசையில் நின்ற போர்கில்ட் வந்து சேர்ந்தாள். அவள் தங்கை வந்தாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். கொட்டகை போதாமல் துறைமுகத்தில் புதுக் கட்டடம் கட்டினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஒட்ருன்தான் உற்பத்தித் தலைவி. யாருடைய புருஷன் கடலில் இருக்கிறான், புயல் எச்சரிக்கை வந்த நாளில் யார் கையில் கத்தரியைக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஒருமுறை வந்திறங்கிய பசையின் வாடையே சரியில்லை. ஒட்ருன் மெஷின்களை நிறுத்திவிட்டாள். கப்பல் கம்பெனி ஒன்றுக்கு மறுநாள் சரக்குப் போக வேண்டிய நேரம். ஐவிந்த் வந்து எல்லோர் எதிரிலும் கத்தினான். தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தான். அவள் அசையவில்லை. மறுநாள் காலை, இலவங்கப்பட்டை ரொட்டிகள் நிறைந்த தட்டோடு வந்தான். ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, "நேத்து நான் கத்தினது தப்பு. எல்லார் முன்னாடியும் கத்தினேன், அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். மெஷினை நிறுத்தணும்னு ஒட்ருன் சொன்னா, என்னைக் கேக்க வேண்டாம்," என்றான். அப்படிச் சொல்லத் தெரிந்தவனாகத்தான் அப்போது இருந்தான். போர்கில்ட் ஒட்ருன் காதில், "இவனுக்காக நான் இன்னும் பத்து வருஷம் தைப்பேன்," என்றாள்.

பத்து வருஷம் ஓடத்தான் செய்தது. அதன்பிறகு முதலீட்டாளர்கள் வந்தார்கள். அவர்களோடு பெர்கனிலிருந்து ஹென்னிங் என்ற நிர்வாக இயக்குநரும் வந்தார். மரியாதையான மனிதர், எல்லோருக்கும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவர். ஒரு நாள் ஒட்ருனைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"நீங்க இல்லேன்னா இந்தக் கம்பெனியே இல்ல, ஒட்ருன். அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அடுத்த கட்டத்துக்கு வேற மாதிரி அனுபவம் உள்ள ஆள் வேணும். உங்களை நாங்க ஆலோசகரா வெச்சுக்கறோம்."

"ஐவிந்த் எங்க?"

"ஹாம்பர்க்ல ஒரு கண்காட்சி. அவருக்கும் இது ரொம்ப வருத்தம்."

வெளியே வந்தாள். ஐவிந்தின் கார் சரக்கறைக்குப் பின்னால், வழக்கமாக யாரும் நிறுத்தாத இடத்தில் நின்றது. அவன் உள்ளே உட்கார்ந்திருந்தானா இல்லையா என்று அவள் போய்ப் பார்க்கவில்லை.

ஆலோசகருக்கு ஜன்னலோரம் ஒரு மேசை கொடுத்தார்கள். ஆலோசனை கேட்கத்தான் யாரும் வரவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே உட்கார்ந்து, கார் நிறுத்துமிடத்தில் பனி விழுவதைப் பார்த்தாள். பழைய பெண்கள் அந்தப் பக்கம் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், நோயாளி இருக்கிற அறை வாசலைக் கடப்பதைப்போல. ஐவிந்த் தூரத்திலிருந்து கையை உயர்த்துவான். ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு அவள் வேலைக்குத் திரும்பவில்லை.

கோரெ சொல்லிவைத்து, ஃபெர்ரியின் சிற்றுண்டிக் கடையில் வேலை கிடைத்தது. ஸ்வேலே என்கிற தடித்த அப்பத்தை ஊற்றி அடுக்குவாள். சூடாக மடித்து, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிக் கொடுப்பாள். ஐவிந்தும் அதே ஃபெர்ரியில்தான் போய்வந்தான். மற்றவர்கள் எல்லோரும் ஸ்வேலே வாசம் பிடித்து மேலே ஏறி வருவார்கள். அவன் மட்டும் காரிலேயே இருந்துவிடுவான். கடை ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழ்த்தளத்தில் அவன் காரின் கூரை தெரியும்.

இரண்டு வருடம் கழித்துத் தையல் வேலை முழுவதும் லிதுவேனியாவுக்குப் போயிற்று. அத்தனை பெண்களும் வீட்டுக்குப் போனார்கள். போர்கில்டுக்கு அதன்பிறகு நிலையான வேலை எதுவும் அமையவில்லை. விடுமுறை வீடுகளைக் கழுவிவிட்டாள், தபால் பிரித்தாள், பிறகு அதுவும் இல்லை. வியாழக்கிழமை தோறும் ஒட்ருன் அவள் வீட்டுக்குக் காப்பிக்குப் போவாள். போர்கில்ட் வாஃபிள் சுடுவாள். கம்பெனியைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேசாமலே அது அவர்கள் இருவருக்கும் பொதுவான சொத்தாக இருந்தது.

சில்யே வளர்ந்து, ஓலெசுண்டில் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினாள். படகுத்துறைகளில் விருந்தினர் படகுகளுக்கு இடம் பதிவு செய்யும் மென்பொருள். ஆறு பேர் வேலை பார்த்தார்கள். கம்பெனி நிறுவனர்களும் நிர்வாகிகளும் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் காலைச் சிற்றுண்டிக் கூட்டங்களுக்குத் தவறாமல் போவாள். ஹாவ்ஹாமை விற்றுவிட்ட ஐவிந்த் இப்போது அந்த மேடைகளில் பெரிய ஆள். தலைமை பற்றிப் பேச ஒஸ்லோவுக்கும் கோபன்ஹேகனுக்கும் கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

ஒரு சனிக்கிழமை சில்யே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, ஐவிந்த் இங்க வந்ததை ஏன் எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

"எங்க வந்தான்?"

"இங்கதான். நம்ம சமையலறைக்கு. நேத்து அவன் பேச்சைக் கேட்டேன். உன்னை வேலையிலிருந்து எடுக்க முடிவானதும் வேற யாரையும் அனுப்பாம அவனே வந்தானாம். மழையாம். மஞ்சள் மேசைவிரிப்பாம். பேச முடியாம உக்காந்திருந்தானாம். நீ காப்பி ஊத்திக் குடுத்து, 'ஐவிந்த், கம்பெனி என்னைவிடப் பெருசு. தையலை எங்க வேணும்னாலும் அனுப்பு. உடுப்பு மிதந்தா போதும்'னு சொன்னியாம். அப்புறம் ரெண்டு பேரும் அழுதீங்களாம். பின்னாடி திரையில உன் படம், உடுப்போட தண்ணியிலிருந்து ஏறி வர்ற படம். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னுச்சு அம்மா. நானும் அழுதுட்டேன்."

ஒட்ருன் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"அவன் வரல சில்யே."

"வரலையா?"

"அன்னைக்கும் வரல. அதுக்கப்புறமும் வரல."

சில்யே அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "ரொம்ப வருஷம் ஆச்சே. ஒருவேளை நீ மறந்து..."

"உங்கம்மாவா?" என்று கோரெ சோஃபாவிலிருந்து குரல் கொடுத்தான். "கல்யாணத்தன்னைக்கு நான் போட்டிருந்த சாக்ஸ் ரெண்டும் ரெண்டு நிறம்னு இன்னும் சொல்லிக்காட்டறா. மஞ்சள் விரிப்பு இந்த வீட்டுல இருந்ததே இல்ல."

சில்யே நாற்காலியில் உட்கார்ந்தாள். நம்பிவிட்டாள்தான். ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்துபோயிருந்ததை ஒட்ருன் கவனித்தாள். அந்தக் கதையில் இருந்த அம்மாவை மகளுக்குப் பிடித்திருந்தது. இப்போது மறுபடி ஜன்னலோர மேசை அம்மாதான் மிச்சம்.

அடுத்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகை அந்தப் பேச்சைப் படத்தோடு போட்டது. மளிகைக்கடையில் முன்பின் பேசாதவர்கள் ஒட்ருனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என்ன பெரிய மனசு என்றார்கள். முதலில் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு பால் டப்பாவை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வெளியே வந்துவிடுவாள்.

வியாழக்கிழமை போர்கில்ட் கதவைப் பாதிதான் திறந்தாள். வாஃபிள் வாசம் இல்லை.

"படிச்சேன்," என்றாள்.

"அதுல ஒரு வார்த்தைகூட நெசமில்ல, போர்கில்ட்."

"எங்க வேணும்னாலும் அனுப்புன்னு சொன்னியா நீ?"

"நான் எதுவும் சொல்லல. அவன் என்னைப் பாக்க வரவே இல்ல."

"முன்னூறு பேர் முன்னாடி நின்னுக்கிட்டு ஒருத்தன் பொய் சொல்லுவானா? பெட்டிமேல ஏறி மன்னிப்புக் கேட்ட ஆள் அவன்." போர்கில்டின் குரல் உயரவில்லை. "உனக்கு ஜன்னலோரம் மேசை குடுத்தாங்க. எங்களுக்கு ஒண்ணும் குடுக்கல. நீ ஏன் அங்க வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன்னு அப்ப எனக்குப் புரியல. இப்பப் புரியுது."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தியிருந்தால் ஒட்ருன் திரும்பத் தட்டியிருப்பாள்.

அந்தக் கோடையில் போர்கில்டுக்கு நுரையீரலில் நோய் என்று தெரிந்தது. தெரிந்த அன்றே ஒட்ருன் ஐவிந்தின் வீட்டுக்குப் போனாள். குன்றின்மேல், கடலைப் பார்த்த பெரிய கண்ணாடி வீடு. அவனே கதவைத் திறந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஒட்ருன்," என்றான். உள்ளே வா என்று சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் உட்காரவில்லை. "நீ எங்க வீட்டுக்கு வந்ததா சொல்றியாமே."

ஐவிந்த் மறுக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மொதல் தடவை, வந்திருக்கணும்னுதான் சொன்னேன். அப்புறம் ஒரு தடவை வந்தேன்னு வாயில வந்துடுச்சு. கேட்டவங்க எல்லாம் அப்படியே உறைஞ்சு உக்காந்திருந்தாங்க. இப்ப எனக்கே அந்தச் சமையலறை தெரியுது ஒட்ருன். மழைச் சத்தம்கூடக் கேக்குது."

"என் வாயில எதுக்கு வார்த்தையப் போட்டே?"

"நான் வந்திருந்தா நீ அதைத்தானே சொல்லியிருப்பே."

"என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது," என்றாள். "நீ வந்திருந்தா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு மூன்று முறை சொன்னான். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எனக்கு அது வேண்டாம். போர்கில்டுக்கு உடம்பு ரொம்ப முடியல. தையலை அனுப்பினதுக்கு நான் சம்மதிச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அவகிட்டப் போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ஒட்ருன் அப்படிச் சொல்லல, அவ்வளவுதான். வேற எதுவும் வேண்டாம்."

"இந்த வாரமே போறேன்," என்றான். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான் என்று ஒட்ருன் இன்றும் நினைக்கிறாள்.

அந்த வாரம் போயிற்று. இலையுதிர்காலம் வந்தது. போர்கில்டை முதியோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். ஒட்ருன் போய்ப் பார்ப்பாள். போர்கில்ட் விரட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தால் நன்றி என்றாள். தலையணையைச் சரிசெய்தால் நன்றி என்றாள். ஊர் பேர் தெரியாத தாதியிடம் பேசுகிற மரியாதை. ஒரு நாள் ஒட்ருன் அவள் விரல்களுக்குக் களிம்பு தடவினாள். பசையும் ஊசியும் தின்ற விரல்கள். போர்கில்ட் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவன் உன்னைப் பாக்க வந்தானா?" என்று ஒட்ருன் கேட்டாள்.

"யாரு?"

ஒட்ருன் களிம்பு டப்பாவை மூடினாள். தானே எத்தனை முறை சொன்னாலும் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும். மார்ச் மாதம், கடற்கரைப் பனி கரைந்துகொண்டிருந்தபோது, போர்கில்ட் இறந்தாள்.

அடக்கத்தன்று ஐவிந்த் வந்து தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். எல்லாம் முடிந்து, சபைக்கூடத்தில் காப்பிக்காக ஆட்கள் திரண்டபோது, வாசலில் ஒட்ருனை நிறுத்தினான். கண்கள் சிவந்திருந்தன.

"நான் போனேன் ஒட்ருன். இல்லத்து வாசல்வரைக்கும் போனேன். கார்லயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். உள்ள போக முடியல."

"தெரியும் ஐவிந்த்," என்றாள். "நீ எப்பவும் அதுவரைக்கும் வருவே."

அவனைத் தாண்டி உள்ளே போனாள். போர்கில்டின் தங்கை ரொட்டித் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒட்ருன் உதவப் போனதும், "நாங்களே பாத்துக்கறோம்," என்றாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் சில்யே டிரான்ட்ஹெய்மிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தாள். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. மண்டபத்துக்கு வெளியே நின்று பேசினாள்.

"அவன் கதையை மாத்திட்டான் அம்மா. பல வருஷமா ஒரு பொய்யைச் சொல்லிக்கிட்டிருந்தேன், ஒரு வயசான பெண் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு என்னைத் திருத்தினா, உண்மையை ஒத்துக்கறதுதான் ஒரு தலைவனுக்குக் கடைசிப் பாடம்னு சொன்னான். முன்னைவிட ரொம்ப நேரம் கை தட்டினாங்க. நான் எழுந்து வந்துட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே கோரெ படகைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"போர்கில்ட் பேரைச் சொன்னானா?"

"இல்லம்மா."

"சரி. நீ ஏதாவது சாப்பிட்டுட்டுக் கிளம்பு. குளிர்ல நிக்காதே."

அந்தக் குளிர்காலத்தில் சில்யேவின் கம்பெனி தடுமாறியது. பெரிய துறைமுகம் ஒன்று ஒப்பந்தத்தை விட்டது. ஒருவரை வேலையை விட்டு அனுப்பியே ஆக வேண்டும் என்ற நிலை. மோர்டன்தான் அந்த ஒருவன். முதல் நாளிலிருந்து அவளோடு இருந்தவன். பழைய மென்பொருள் நிரல் அவன் எழுதியது, புதியது அவனுக்கு வரவில்லை. சில்யே யாரையும் கேட்கவில்லை. சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் மணி அடித்தாள். அங்கிருந்து நேராக ஃபெர்ரி ஏறி ஹெல்லேவிக் வந்து சேர்ந்தாள்.

அம்மாவின் எதிரே கோட்டோடு உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னான்?" என்று ஒட்ருன் கேட்டாள்.

"வெளிய போன்னான். நான் போகல. அவன் பொண்டாட்டி, குழந்தை எல்லாம் இருக்கும்போதே கத்தினான். உனக்காக என் ராத்திரியெல்லாம் குடுத்தேன்னான். நீ ஒரு கோழைன்னான்."

"நீ என்ன பண்ணினே?"

"கத்தி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன். சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல அம்மா. வழியெல்லாம் நல்ல நல்ல வார்த்தையா யோசிச்சுக்கிட்டுப் போனேன். ஒண்ணுகூட வாயில வரல. கடைசில நான் கதவுப்பக்கம் நடந்தப்ப, அவன் வந்து சாத்திக்கிட்டான்."

ஒட்ருன் எழுந்து மீன் உருண்டைகளை வாணலியில் போட்டாள். அன்றைக்கு ஐவிந்த் உண்மையிலேயே வந்திருந்தால் நாமும் கத்தித்தான் இருப்போம் என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. காப்பி ஊற்றியிருக்க மாட்டாள். பெரிய மனசெல்லாம் இருந்திருக்காது. பசை டின், கயிறு, பிப்ரவரித் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டியிருப்பாள். போர்கில்டைப் பற்றியும் சொல்லியிருப்பாள். அவர்களை விட்டுவிடாதே என்று சொல்லியிருப்பாள். அவன் கேட்டிருப்பானோ மாட்டானோ, ஆனால் அவள் சொன்னாள் என்று போர்கில்டுக்குத் தெரிந்திருக்கும்.

"உருளைக்கிழங்கு வேணுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்."

சில்யே சாப்பிட்டாள். கோட்டை அப்புறம்தான் கழற்றினாள்.

மோர்டன் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. ஓலெசுண்டில் அவர்கள் இருப்பது ஒரே தெரு. எதிரே வந்தால் சில்யே ஹலோ சொல்கிறாள், அவன் பதில் சொல்வதில்லை. ஒட்ருனுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. வியாழக்கிழமைகளில் கல்லறைத் தோட்டம்வரை நடந்துபோய் வருகிறாள். போர்கில்டின் தங்கை அங்கே இருந்தால், ஒட்ருன் வாசலிலேயே நின்று, அவள் போகும்வரை காத்திருக்கிறாள்.